பழைய கடனும் ஒரு கையெழுத்தும்

பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவர் எழுதியது

முன்னுரை

கடன் வாங்காத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியது ஒரு தலைமுறை. பெண்ணின் திருமணத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தது அடுத்த தலைமுறை. சந்தையில் கடை போடுவோர் இன்றும் தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டுகின்றனர். சம்பள நாளன்று மில் வாசலில் ஈட்டிக்காரர் வந்து நின்ற கதையைப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். இன்று ஈட்டி இல்லை, கைப்பேசி இருக்கிறது. கடன்பட்டவர் மனத்தில் எழும் அச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த அச்சத்தை அரசு அறியாமல் இல்லை. 1938இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், உழவரின் பழைய கடன்களில் ஏறிக் கிடந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. 2003இல் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் வந்தது. கடன் கொடுத்தோர் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றைத் தமிழகச் சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றியது. சட்டங்கள் இருந்தும் அவை யாருக்காக இயற்றப்பட்டனவோ அவர்களுக்கு அவை தெரிவதில்லை. அந்த இடைவெளியைச் சிறிதளவேனும் குறைக்கலாம் என்ற எண்ணத்தில், கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையின் பழைய பாக்கி குறித்து நான் படித்தறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

ஆய்வுக்குக் காரணம்

என் தாய்மாமன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. 2017இல் சம்பளக் கணக்கு தொடங்கியபோதே ஒரு முகவர் அவருக்குக் கடன் அட்டையும் வாங்கிக் கொடுத்தார். பாட்டியின் மருத்துவச் செலவுக்கு அந்த அட்டையில் எடுத்தது 38,000 ரூபாய். ஓராண்டு ஒழுங்காகக் கட்டினார். 2019இல் ஒப்பந்தம் முடிந்து வேலை போயிற்று. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் கடைசியாக ஒரு தொகை கட்டினார். அதன்பின் கொரோனாக் காலம் வந்தது. வங்கியும் மறந்தது, அவரும் மறந்தார்.

2025 ஜனவரியில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் வங்கிக்காரர் அல்லர். கடனை வங்கியிடமிருந்து விலைக்கு வாங்கிய வேறொரு நிறுவனத்தின் சார்பில் பேசினார். கேட்ட தொகை 1,74,600 ரூபாய். நாளொன்றுக்கு ஏழெட்டு அழைப்புகள். மாமா எடுக்காவிட்டால் அவருடைய மேற்பார்வையாளருக்கும் என் எண்ணுக்கும் அழைப்பு வந்தது. “போலீஸ் வரும், சம்பளம் முழுவதும் பிடித்துவிடுவோம்” என்றார்கள். பிறகு ஒரு கடிதம் வந்தது. “மேற்கண்ட தொகையை நான் செலுத்த வேண்டியது உண்மை என ஒப்புக்கொண்டு, தவணைகளில் செலுத்த உறுதியளிக்கிறேன்” என்று அதில் அச்சிட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தனர். “இதில் கையெழுத்துப் போட்டு 500 ரூபாய் கட்டினால் போதும், தொந்தரவு இருக்காது” என்பது அவர்கள் வாக்கு.

“மாப்ளே, நீ காமர்ஸ் படிக்கிறாயே, இதைப் பார்த்துச் சொல்” என்று மாமா அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். கணக்குப் பதிவியலும் வணிகச் சட்டமும் தேர்வுக்காக மட்டும் என்றிருந்த எனக்கு, அன்று பாடப் புத்தகம் வேறு விதமாகத் தெரிந்தது.

கடன் எவ்வாறு பெருகுகிறது

கடன் அட்டை 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கியது; உணவு விடுதியில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டும் ஏற்பாடு அது. நம் நாட்டில் சென்ட்ரல் பாங்க் 1980இல் கடன் அட்டை வெளியிட்டது. செல்வந்தர் பையில் இருந்த அந்த அட்டை, இருபது முப்பது ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளியின் சட்டைப் பைக்கும் வந்துவிட்டது.

இதன் வட்டியை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பாக்கி 20,000 ரூபாய். வட்டி மாதம் 3.5 விழுக்காடு; மாதந்தோறும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். தொழிலாளி கட்டுவது 1,000 ரூபாய். அதில் வட்டிக்குப் போவது 700 ரூபாய். வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 126 ரூபாய். மீதி 174 ரூபாய் மட்டுமே அசலில் கழியும். “மாதம் தவறாமல் ஆயிரம் கட்டினேனே, கடன் ஏன் குறையவில்லை?” என்று பலர் வியப்பதற்கு விடை இதுதான். ஒன்றுமே கட்டாமல் விட்டு, வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால், 20,000 ரூபாய் மூன்றாண்டில் ஏறத்தாழ 69,000 ரூபாய் ஆகிவிடும்.

30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆண்டு வட்டி நியாயமற்ற வணிக முறை எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே வட்டிக்கு உச்சவரம்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் அட்டை வாங்கவேண்டாம்.

காலவரையறை என்னும் வேலி

இனி நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். கடன் பாக்கிக்காக நீதிமன்றம் செல்ல 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் தருகிறது. அதற்குப்பின் வழக்குப் போட்டால், பிரதிவாதி வாய் திறக்காவிட்டாலும், அதை நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு.

கொரோனாக் காலத்துக்கு ஒரு விலக்கு உண்டு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. மாமாவின் கணக்கில் இதைப் பொருத்திப் பார்த்தேன். 2019 ஜூன் 10 முதல் 2020 மார்ச் 14 வரை சற்றேறக்குறைய 9 மாதம் கழிந்தது. மீதி 2 ஆண்டு 3 மாதத்தை 2022 மார்ச் 1 முதல் எண்ணினால் 2024 நடுவில் காலம் முடிகிறது. முதல் அழைப்பு வந்ததோ 2025 ஜனவரி. வழக்குப் போடும் காலம் அதற்குள் கடந்துவிட்டது.

அப்படியானால் கடன் ஒழிந்துவிட்டதா? இல்லை. காலவரையறை வழக்குப் போடும் வழியைத்தான் அடைக்கிறது, கடனை அழிப்பதில்லை. கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு இன்னும் உண்டு. நீதிமன்றத்தின் கையைக் கொண்டு வாங்கும் உரிமைதான் போய்விட்டது. இந்த வேறுபாட்டை உணர்ந்தால்தான் அந்தக் கடிதத்தின் பொருள் விளங்கும்.

கையெழுத்தின் விலை

காலம் முடிவதற்குள் கடனாளி ‘இவ்வளவு பாக்கி உண்டு’ என எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு தொடங்கும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஒரு பகுதியைக் கட்டி, அதற்கு அவர் கையெழுத்துள்ள எழுத்துச் சான்றும் இருந்தால் 19ஆம் பிரிவின்படி அதே பலன்தான்.

காலம் முடிந்த பிறகு இவ்விரு பிரிவுகளும் உதவா. ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. காலங்கடந்த கடனைக் கட்டுவதாகக் கடனாளி எழுத்தில் உறுதியளித்துக் கையெழுத்திட்டால் அது செல்லத்தக்க புதிய ஒப்பந்தமாகிவிடும். செத்துப்போன வழக்கு உயிர் பெற்று எழும். மாமாவுக்கு வந்த கடிதத்தில் “உறுதியளிக்கிறேன்” என்ற சொல் ஏன் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 500 ரூபாய் சிறிய தொகை. அந்தக் கையெழுத்தின் விலை 1,74,600 ரூபாய். காகிதத்துக்கு மட்டும் இந்த எச்சரிக்கை போதாது. மின்னஞ்சலிலும் கைப்பேசிச் செய்தியிலும் தரும் ஒப்புதலும் எழுத்தாகக் கொள்ளப்பட இடமுண்டு.

சிறையும் சம்பளமும்

கடனைக் கட்ட இயலாமை குற்றமன்று. கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனைத் தவிர, வறுமையால் கட்ட முடியாதவனைத் தீர்ப்புக் கடனுக்காகச் சிறையில் தள்ளக்கூடாது என 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். ஆனால் காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் அது தனிக் குற்றம். அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. ஆகவே வசூலுக்கு வருகிறவரிடம் வெற்றுக் காசோலை கொடுப்பது ஆபத்து.

சம்பளத்தைப் பிடிக்க நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். தீர்ப்பு வந்தாலும் முழுச் சம்பளத்தையும் பிடிக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடப்படாதவை. மாதம் 16,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 11,000 ரூபாய் பத்திரம். உடலுழைப்புத் தொழிலாளியின் கூலிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு. தந்தை வாங்கிய கடன் மகனைத் தானாகத் தொடர்வதும் இல்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பாளி.

இவ்வளவும் கூறியபின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீதிமன்றச் சம்மனைக் கிழித்துப் போடுவது பேதைமை. காலங்கடந்த வழக்கானாலும் நேரில் சென்று தேதிகளைக் காட்டினால்தான் உண்மை வெளிப்படும். செல்லாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரலாம். வந்துவிட்டால் அதை நிறைவேற்றக் கடன் கொடுத்தவருக்கு 12 ஆண்டு அவகாசம் கிடைக்கும். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்திலிருந்து வரும் அறிவிப்பு வேறு வகை. அது சமரசத்துக்கான அழைப்பு. சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது.

வசூலிப்பவருக்கும் வரம்பு உண்டு

வங்கிகள் அடியாட்களை வைத்துக் கடன் வசூலிக்கலாகாது, சட்ட வழியிலேயே செல்ல வேண்டும் என்று 2007இல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. வசூல் முகவர்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2008இல் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. முகவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அனுமதிக் கடிதமும் இருக்க வேண்டும். அவர் செய்யும் தவற்றுக்கு அவரை அனுப்பியவரே பொறுப்பு. 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்றது. உறவினரையும் நண்பரையும் தொல்லைப்படுத்துவது, பலர் முன் அவமானப்படுத்துவது, மிரட்டுவது ஆகியவற்றையும் அது தடை செய்தது. மிரட்டல் எல்லை மீறினால் அது பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவின்கீழ் குற்றம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

நண்பர்களே, இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைபேசியின் மறுமுனையில் பேசுகிறவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற பட்டதாரியே. மாத இலக்கும் கழுத்தை நெரிக்கும் மேலதிகாரியும் அவருக்கும் உண்டு. நம் வகுப்பிலிருந்தே சிலர் நாளை அந்த வேலைக்குச் செல்லலாம். அன்று இந்த வரம்புகள் நமக்கு நினைவிருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

படித்தறிந்தவற்றையும் பேராசிரியர்களிடம் கேட்டறிந்தவற்றையும் தொகுத்து மாமாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதையே இங்கும் தருகிறேன்.

1. தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். “எழுத்தில் அனுப்புங்கள்” என்று மட்டும் அமைதியாகச் சொல்ல வேண்டும்.

2. கடன் கைமாறியிருந்தால் அதற்கான ஆதாரத்தைக் கேட்க வேண்டும். வராக்கடன்களை வாங்கும் நிறுவனங்கள் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றவை. பதிவில்லாத பெயருக்குப் பணம் கட்டக்கூடாது.

3. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, கடைசியாகக் கட்டிய நாள் எது என்று பிரித்துக் காட்டும் கணக்கைக் கேட்க வேண்டும்.

4. அழைப்பு வந்த நாள், நேரம், எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும்.

5. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது.

6. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி உண்டு. திருவள்ளூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

7. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். சிபில் அவற்றுள் ஒன்று. அதை வாங்கிப் பார்க்க வேண்டும். வழக்குப் போடும் காலம் கடந்தாலும் இந்தப் பதிவு உடனே மறையாது. குறைத்துக் கட்டி முடித்த கடன் ‘செட்டில்டு’ என்றும், முழுதும் கட்டியது ‘குளோஸ்டு’ என்றும் பதிவாகும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

8. சமரசத் தொகை முடிவானால், அத்தொகையோடு கணக்கு முற்றும் தீர்ந்தது என்ற கடிதத்தை முதலில் வாங்கிவிட்டு, நிறுவனத்தின் கணக்குக்கே வங்கி மூலம் செலுத்த வேண்டும். பிறகு பாக்கியில்லாச் சான்றும் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

மாமா என்ன செய்தார்

மாமா அந்தக் கடிதத்தில் கையெழுத்திடவில்லை. கணக்கும் ஆதாரமும் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினார். காலக்கெடு கடந்துவிட்டதையும், மேற்பார்வையாளருக்கு அழைப்பு சென்ற நாட்களையும் அதில் குறிப்பிட்டார். அழைப்புகள் ஓய்ந்தன. ஐந்து வாரம் கழித்துக் கணக்கு வந்தது. அதில் அசல் 31,400 ரூபாய் மட்டுமே; மற்றவையெல்லாம் வட்டியும் அபராதமும்.

“இனிக் கட்டாவிட்டாலும் யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுத்து வாங்க முடியாது மாமா” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், “உங்க பாட்டி வைத்தியத்துக்கு வாங்கின பணம் மாப்ளே, அதை வச்சுக்க மனசு வரலை. வட்டியைத்தான் கொடுக்க மாட்டேன்” என்றார். அசல் தொகையோடு கணக்கு முடிந்தது என்ற கடிதத்தை நிறுவனத்திடமிருந்து பெற்று, தீபாவளி போனஸ் வந்ததும் 31,400 ரூபாயை ஒரே தடவையில் கட்டினார். அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றுதான் பதிவாகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அதே தெருவில் இன்னொரு பெண்மணிக்கும் இதேபோன்ற பழைய பாக்கி இருக்கிறது. கணவரை இழந்து இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அவர், கட்ட வசதியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். அதையும் நான் தவறென்று கருதவில்லை. இருவரும் தம் நிலையை அறிந்து தாமே முடிவெடுத்தனர்.

முடிவுரை

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது அறம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாரிடம், எவ்வளவு, எதற்காகத் தருகிறோம் என்று அறியாமல் அச்சத்தில் தருவது அறமாகாது. கும்மிடிப்பூண்டி வண்டியில் நம்மோடு பயணம் செய்யும் தொழிலாளர் பலரின் பையில் இத்தகைய கடிதம் ஒன்று மடித்துக் கிடக்கக்கூடும். அதை வாசித்துப் பொருள் சொல்ல அவர் வீட்டில் படித்தவர் இல்லாமல் இருக்கலாம். நாம் இருக்கிறோம். அரசுப் பணத்தில் மூன்றாண்டு படித்ததற்குக் கைம்மாறாக, ஒருவர் ஒரு குடும்பத்தின் கடிதத்தையேனும் படித்துச் சொல்வோமானால், வணிகவியல் வகுப்பறைக்கு வெளியிலும் பயன்படும் கல்வி என்பதை நம் ஊர் அறியும்.